மேல்காற்றில் நின்ற சேலைத் திரை

என் மகளுடைய கல்யாணத்துக்கு நான் தைத்த திரை அவள் தலைமேலேயே சாய்ந்துவிடுமோ என்ற பயத்தில் அந்த ஆனி மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது எழுதும்போது சுலபமாக இருக்கிறது. அப்போது ஒருவரிடமும் சொல்ல முடியவில்லை. கல்யாண வீட்டில் ‘விழும்’ என்ற சொல்லே வரக் கூடாது. அதிலும் என் வாயிலிருந்து வரவே கூடாது. நான் புருஷனை இழந்தவள்.

எங்கள் தோட்டம் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடலையும், குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்கிற மரவள்ளியும் போடுகிறோம். வீட்டுக்கு முன்னால் சிமெண்டு போட்ட களம். மகள் சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை வேலை பார்க்கிறாள், மாப்பிள்ளைக்கும் சேலத்தில்தான் வேலை. இரண்டு பேரும் கூடிப் பேசி, மண்டபம் வேண்டாம், தோட்டத்துக் களத்திலேயே காலை வெயிலில் கல்யாணம் என்று முடிவு செய்துவிட்டார்கள். “ஏனுங்க, ஊருல இருந்த மண்டபமெல்லாம் இடிஞ்சு போச்சுங்களா?” என்று கேட்காத உறவுக்காரர்கள் இல்லை. நானும் சிரித்து மழுப்பினேன். பிள்ளைகள் ஆசைப்பட்டுவிட்டால் நமக்கு வாய் எதற்கு.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் மகள் செல்போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். எங்கேயோ ஒரு கல்யாணம். மணமக்களுக்குப் பின்னால் கலர் கலராகச் சேலைகளைத் தொங்கவிட்டு ஒரு திரை. பேக்டிராப் என்றாள். டெக்கரேஷன்காரர்களிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டுப் போவார்களே என்றேன். அவர்கள் பிளாஸ்டிக் பூவைக் குத்தி வைப்பார்கள், எனக்கு அது வேண்டாம் என்றாள். பிறகு எழுந்துபோய் பீரோவைத் திறந்து, அவர் போன பிறகு நான் தொடாமல் வைத்திருந்த சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். சிவப்பு, கிளிப்பச்சை, கனகாம்பரக் கலர், எல்லாவற்றுக்கும் அடியிலிருந்த என் கூறைச்சேலை.

“உனக்கென்ன கிறுக்கா? அதையெல்லாம் மணவறைப் பக்கம் கொண்டு போகக் கூடாது சாமி” என்றேன்.

அவள் சேலையை மடிப்புப் பிரித்துக்கொண்டே சொன்னாள். “நீ மணவறைக்கு வர மாட்ட. ஆரு கூப்புட்டாலும் வர மாட்டன்னு எனக்குத் தெரியும். உன்ற சீலையாவது எனக்குப் பொறத்தால நிக்கட்டும்.”

தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டேன்.

ஜாக்கெட் தைத்துப் பழகிய கைக்குச் சேலைகளை இணைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆனால் இணைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தால் துணி வழியே பின்னால் இருக்கிற மாட்டுக் கொட்டகையும் சாணிக் குப்பையும் அப்படியே தெரிந்தது. படத்தில் மாடு வந்துவிடும் என்று மகள் முகத்தைச் சுளித்தாள். உள்பக்கம் ஏதாவது கனத்த துணி கொடுக்க வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. அவர் லாரி ஓட்டிய காலத்துத் தார்ப்பாய் ஒன்று தீவனக் குதிருக்குப் பின்னால் சுருட்டிக் கிடந்தது. கழுவிக் காயவைத்து, அளவுக்கு வெட்டி, கோணி ஊசியால் சேலைகளை அதன்மேல் வைத்துத் தைத்தேன். கீழ் விளிம்பை மட்டும் தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்கும்படி மடித்தேன். மணவறையில் தண்ணீர் சிந்துவார்கள், பட்டு கறையாகிவிடும்.

சட்டம் போட்டுக் கொடுத்தது என் கொழுந்தனார். ரிக் வண்டியில் ஊர் ஊராகப் போர்வெல் போடப் போகிறவர். பழைய இரும்புப் பைப்புகளைக் கொண்டுவந்து அவரே வெல்டிங் வைத்தார். நட்டுக்குத்தலாக மூன்று பைப், மேலே குறுக்கே ஒன்று. சிமெண்டுக் களத்தில் குழி தோண்ட முடியாது என்பதால் பெயிண்டு வாளிகளில் கான்கிரீட் கொட்டி, அதற்குள் பைப்பின் அடியை நிறுத்தினார். திரையைக் கட்டியது நான். லாரிக்காரன் பெண்டாட்டிக்குத் தார்ப்பாய் கட்டத் தெரியாதா? லோடு ஏற்றினால் என் வீட்டுக்காரர் சொல்வார், “ஒரு வெரல் போற அளவுக்குச் சந்து உட்டாலும் காத்து பூந்துரும், தருமபுரி போறதுக்குள்ள கிழிச்சுப்போடும்” என்று. அந்தப் பாடம் எனக்கு நன்றாகவே மனப்பாடம். நான்கு பக்கமும் கயிறு கோத்து, காலை ஊன்றி இழுத்து, சந்தே இல்லாமல் இறுக்கிக் கட்டினேன். விரலால் சுண்டினால் டொம் என்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை அன்று மத்தியானம் வரைக்கும்தான். சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மேற்கே கடலைக்காட்டிலிருந்து காற்று கிளம்பி வந்தது. மரவள்ளி இலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. திரை வயிற்றை முன்னால் தள்ளியது. அப்புறம் ஓரத்து வாளி ஒன்று களத்தைவிட்டு எழும்பி, கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, டமால் என்று உட்கார்ந்தது. கான்கிரீட் கொட்டிய வாளி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் மூட்டைகள் இருக்கும். எவ்வளவு இறுக்கினாலும் அந்த மூட்டைகள்மேல் அது படுத்துக்கொள்ளும். இங்கே அடியில் என்ன இருக்கிறது? இரண்டு பக்கமும் வெறும் காற்று. போக வழி இல்லாத காற்று முட்டித் தள்ளாமல் என்ன செய்யும்? இன்னொன்றும் உறைத்தது. மணமக்கள் கிழக்கே பார்த்துத்தான் உட்கார வேண்டும். திரை அவர்களுக்குப் பின்னால், மேற்கில். ஆனியில் காற்று அடிப்பதும் மேற்கிலிருந்து. சாய்ந்தால் அது மகள் தலையில்தான் சாயும். வேறு எந்தப் பக்கமும் சாயாது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஆடி பிறக்குமுன்னே முகூர்த்தம் என்று ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்தார். காற்றிடம் அதை யார் போய்ச் சொன்னார்கள்?

கொழுந்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தம்பி, இது காத்துக்கு நிக்குமுங்களா? விழு...” என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, என் ஓரகத்தி, சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா, நல்ல காரியத்துல அந்த வார்த்தைய எடுக்காதீங்க” என்றாள். ஒரு நொடி விட்டு, தணிந்த குரலில், “அதும் நீங்க” என்றாள்.

அவள் கெட்டவள் இல்லை. என் மகளைத் தாரை வார்க்க அவளும் கொழுந்தனாரும்தான் அப்பன் ஆத்தா இடத்தில் நிற்கப் போகிறார்கள். என் மகளுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாதே என்ற அதே பயத்தில்தான் அவளும் சொன்னாள். ஆனாலும் அந்த ‘அதும் நீங்க’ என் தொண்டையில் மீன் முள்ளாக மாட்டிக்கொண்டது. அன்றிலிருந்து நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கொழுந்தனார் சிரித்தார். அண்ணிக்கு எங்கள் பக்கம் நங்கையா. “நங்கையா, எறநூறு அடி பைப்பையே நாங்க நட்டுக்கா நிறுத்தறமுங்க. இது எம்மாத்திரம்?” சொன்னாலும் சும்மா இருக்கவில்லை. சட்டத்தின் மேல் பைப்பிலிருந்து இரண்டு நைலான் கயிறுகளை எடுத்துப் பின்னால் இருக்கிற இரண்டு தென்னை மரங்களிலும் இழுத்துக் கட்டினார். மறுநாளும் காற்று வந்தது. வாளி அசையவில்லை. எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

மீதிப் பாதி திரும்பவில்லை. ஆடு கத்தினாலும் எட்டிப் பார்ப்பேன், கயிறு இருக்கிறதா என்று. மாவு அரைக்கப் போனால் மெஷின்காரரிடம் பேசிக்கொண்டே மரக்கிளையைப் பார்ப்பேன். என் கூறைச்சேலையைப் பார்க்கும்போது வேறொரு பயம் வேறு. ஏதாவது நடந்துவிட்டால் ஊர் என்ன சொல்லும்? காற்றையா சொல்லும்? அவள் சேலை, அவள் கை, அவள் வாய் என்றுதானே சொல்லும். மகள் காலம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டு வாழ வேண்டும். பேசாமல் திரையை அவிழ்த்துச் சுருட்டிவிடலாம் என்று ஒருநாள் அருகில் போய்க் கயிற்று முடிச்சில் கைவைத்தேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்து, “எவ்வளவு அழகா இருக்குதும்மா” என்றாள். முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறவள்போல் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலை காற்றே இல்லை. ஆகாயம் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. களம் நிறைய நாற்காலி, நாதஸ்வரம், இட்லி மணம். நான் சமையல் பந்தலில் நின்றுகொண்டேன். அதுதான் எனக்கு ஒதுக்கிய இடம் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்த இடம். அங்கிருந்து பார்த்தால் திரை பக்கவாட்டில் தெரியும். கிளிப்பச்சையும் கனகாம்பரமும் வெயிலில் அப்படி ஒரு அழகு. மணமக்கள் வந்து உட்கார்ந்தார்கள். கொங்கு வழக்கப்படி கல்யாணத்தை நடத்தி வைக்கும் அருமைக்காரர், தலைப்பாகை கட்டிக்கொண்டு சீர்களை ஆரம்பித்தார்.

சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டார்களா என்று கேட்கத் திரும்பியபோதுதான் பந்தல் தகரம் லேசாகத் தடதடத்தது. காற்று வந்துவிட்டது. உடனே என் கண் தென்னை மரங்களுக்குப் போனது. கயிறு இல்லை.

இரண்டு மரத்திலும் இல்லை.

ஓரகத்தி அந்தப் பக்கமாகப் பூத்தட்டோடு போனாள். கயிறு எங்கே என்று கேட்டேன். “அதுங்களா அக்கா? மணவறைய மூணு சுத்துச் சுத்தி வரோணுமல்லங்க. வழியில கவுறு கெடந்தா கால் தட்டும், தடங்கலாப் போயிரும். நாந்தான் அவுக்கச் சொன்னேன். வாசல்ல வாழமரம் சாஞ்சுச்சு, அதுக்குக் கட்டியாச்சு” என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டாள். வாழைமரம் சாய்ந்ததாம். அதற்குக் கட்டினார்களாம். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

வாசலுக்கு ஓடி, முடிச்சை அவிழ்த்து, திரும்பி வந்து மரத்தில் கட்ட நேரமில்லை. அருமைக்காரர் தாலியைத் தட்டில் வைத்துச் சபையில் எல்லாரும் தொட்டுக் கும்பிட அனுப்பியிருந்தார். தட்டு வரிசை வரிசையாக நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கத்திச் சொல்லலாம். என்னவென்று கத்துவது? தாலி வருகிற நேரத்தில், தாலி இல்லாதவள் ‘விழுது, எந்திரிங்க’ என்று கத்துவதா? கால் தானாக நடந்தது. கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, சாணிக் குப்பையை மிதித்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் போய்விட்டேன்.

பின்னால் ஒருவரும் இல்லை. முன்பக்கம் பட்டு, பின்பக்கம் எண்ணெய்க் கறை படிந்த தார்ப்பாய். அதில் அவர் லாரி நம்பரின் பாதி இன்னும் அழியாமல் இருந்தது. நடு பைப்பை இரண்டு கையாலும் பிடித்தேன். செருப்பை உதறிவிட்டு, வெறுங்காலைச் சிமெண்டில் ஊன்றி, கிணற்றில் தண்ணீர் இறைக்கிறவள்போல் பின்னால் சாய்ந்தேன். அப்போது வந்தது பெரிய காற்று. முதுகில் அறைந்தது. தார்ப்பாய் புடைத்தது, வாளி எழும்புவது கையிலேயே தெரிந்தது. என் உடம்பு கனம் முழுவதையும் அந்தப் பைப்பில் தொங்கவிட்டேன். கான்கிரீட் வாளியும் நானும் சேர்ந்தால் போதுமா போதாதா என்று எனக்குத் தெரியவில்லை. முருகா, முருகா என்பதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

காற்று மூச்சு வாங்கிய இடைவெளியில், தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில் மகளின் குரல் கேட்டது. மெதுவாக, உதட்டை அசைக்காமல் பேசுகிறவளின் குரல்.

“அம்மா?”

நான் பேசக் கூடாது. தெரியும். அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றும் தெரியவில்லை.

“அம்மா, நீயா?”

பயத்தில் எனக்குக் கோபம்தான் வரும். எப்போதுமே அப்படித்தான். “நானில்லாம ஆரு? கழுத்தத் திருப்பாத. கோணக்கழுத்தாட்டம் உக்காந்திருக்காம நேராப் பாரு சாமி” என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

உடனே கெட்டிமேளம். என் மகள் கழுத்தில் தாலி ஏறியது. நான் பார்த்தது தார்ப்பாயின் ஒரு கண்ணியையும் அதில் நானே போட்ட முடிச்சையும்தான். அட்சதை திரையின்மேல் விழுந்து சரசரத்தது. சில அரிசிகள் மேலே தாண்டி வந்து என் தலையிலும் விழுந்தன.

முடிந்தது என்று மூச்சுவிட முடியவில்லை. மணவறையைச் சுற்றி வர வேண்டுமே. சுற்றி வந்தால் இந்த வழியாகத்தான் வர வேண்டும். புதுத் தாலியோடு வருகிறவள் முதலில் பார்ப்பது என் முகமாக இருக்கக் கூடாது. கையை விட்டால் திரை விழும், விடாவிட்டால் நான் எதிரில் நிற்பேன். அந்த நிமிஷத்தைப்போல நான் என்றைக்கும் பயந்ததில்லை. அவர் போன அன்றுகூட இவ்வளவு பயப்படவில்லை. அன்று நடந்துவிட்டது, இது நடக்கப் போகிறது. பைப்பை விடாமல், முகத்தை மட்டும் தார்ப்பாயில் புதைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது அருமைக்காரரின் காலடி. நின்றது. காற்று இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, நான் பைப்பில் தொங்குவது அவருக்குத் தெரிந்திருக்கும். திட்டப் போகிறார் என்று தோளைக் குறுக்கினேன்.

“புடிச்சுக்க அம்மணி. உட்டறாத” என்றார். நடந்து போய்விட்டார்.

பின்னால் முந்தானை முடிச்சோடு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். சடங்கு நடுவில் நிற்கக் கூடாது என்பதால் நிற்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை நல்ல உயரம். போகிற போக்கில் மேல் பைப்பை எட்டிப் பிடித்துப் பார்த்தார். அது ஆடுவது அவருக்குப் புரிந்துவிட்டது. நடந்துகொண்டே சத்தமாகக் குரல் கொடுத்தார். “மாமா, திரை விழுகறாப்பல இருக்குதுங்க. இந்தப் பக்கமா ரண்டு ஆளு வாங்க.”

நான் மாதம் முழுக்க விழுங்கி வைத்திருந்த சொல்லை அவர் இட்லி கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். வானம் இடிந்து விழவில்லை. கொழுந்தனாரும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து சட்டத்தைப் பிடித்தார்கள். வாசலிலிருந்து கயிறு வந்தது. தென்னையில் கட்டினார்கள். வாழைமரம் சாய்ந்தால் சாயட்டும் என்றார் யாரோ.

“கட்டியாச்சு நங்கையா. உடுங்க” என்றார் கொழுந்தனார். விட வேண்டும் என்றுதான் நினைத்தேன். விரல் பிரியவில்லை. ஓரகத்தி வந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். அவள் கண்ணில் தண்ணீர். “எதுக்கு அந்தக் கவுறுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லங்கக்கா” என்றாள். சுருக்கென்று பதில் நாக்கு நுனிவரை வந்தது. கல்யாண வீடு, விழுங்கிவிட்டேன். விழுங்கிப் பழகியதுதானே.

சில நாள் கழித்துப் போட்டோக்காரர் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். தாலி கட்டுகிற படத்தில் வந்ததும் அவருக்கே சங்கடமாகிவிட்டது. மாப்பிள்ளையின் கை, மகளின் கழுத்து, பின்னால் என் சேலைகள். சேலைகளுக்குக் கீழே அந்த ஒரு சாண் இடைவெளியில், இரண்டு பேருக்கும் நடுவில், இரண்டு வெறுங்கால்கள். சாணி அப்பிய கால்கள். விரல்களை மடக்கிச் சிமெண்டைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. “கம்ப்யூட்டர்ல அழிச்சுடலாமுங்க, ஒண்ணும் தெரியாது” என்றார்.

“அதத் தொடாதீங்க” என்றாள் மகள். “எங்கம்மா கால் அது.”

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கி அஸ்தம்பட்டி வீட்டில் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். போகும்போதெல்லாம் நான் முதலில் பார்ப்பது மேல் பைப்பை. படத்தில் அது நன்றாகவே முன்னால் சாய்ந்திருக்கிறது, இன்றும் அதைப் பார்த்தால் கை வியர்க்கிறது. அதற்குப் பிறகுதான் மகளின் முகத்தைப் பார்க்கிறேன். தாலி ஏறும்போது அந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்குக் காட்டியது அந்தப் படம்தான். குனிந்த தலையோடு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அடக்க முடியாமல் சிரிக்கிறாள். தாலி ஏறுகிற நேரத்தில் பெண் இப்படிச் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை, எங்கள் பையன்மேல் அவ்வளவு ஆசை என்று சம்பந்தி வீட்டார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லட்டும். அவள் சிரித்தது நான் திட்டியதற்கு.